பெருமூச்சு

கொள்ளிடத்தின் வடகரையிலே, மதனத்தூர்ப் பாலத்தைக் கடந்து ஜெயங்கொண்டம் நோக்கிச் செல்லும் சாலையில் தா.பழூரில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள், நெல்லும் கரும்பும், வடக்கே போகப் போக முந்திரியும் தவிர உங்கள் சீமையில் விசேஷமாகச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பதுண்டு. கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறதே என்று சொல்லி அவர்களைத் திருப்திப்படுத்திவிடலாம்; ஆயினும் ராஜேந்திர சோழனின் விமானத்துக்கு எவ்விதத்திலும் குறையாத வேறொரு பெருமை, கல்லில் நிற்காத காரணத்தால் எவர் வாயிலும் வராத பெருமை, இந்தப் பக்கத்துக்கு உண்டென்பது என் நெடுநாளைய எண்ணம். அபயம் என்று வந்தவர்களுக்கு இந்தச் சீமை இடம் கொடுத்திருக்கிறது. அப்படி வந்தவர்களில் மிகப் பெரியவர் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள்.

ஔரங்கசீப்பின் சேனைகள் தெற்கே இறங்கிவந்த காலத்தில், 1688-ஐ ஒட்டி, காஞ்சியின் கோயில்காரர்கள் உற்சவ மூர்த்திகளைச் சந்நிதியில் வைத்திருப்பது க்ஷேமமன்று என்று அஞ்சி, பிணத்தைச் சுமந்து செல்வதுபோல வேஷமிட்டுப் பெருமாளை ஊருக்கு வெளியே கொண்டுவந்து, அடர்ந்த காட்டுக்கு நடுவே இருந்த உடையார்பாளையத்துப் பாளையக்காரரிடம் ஒப்புவித்தார்கள் என்று கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். கருடன்மேல் ஏறி வீதியுலா வந்த தெய்வம் பாடையின்மேல் படுத்து ஊரை விட்டுப் போயிற்று. அங்கே ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் பூஜையும் நைவேத்தியமும் குறைவின்றி நடந்தனவென்றும், கலகம் அடங்கிய பிறகு திருப்பிக் கேட்டபோது பாளையக்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லையென்றும், ஆத்தான் ஜீயர் வேண்டிக்கொண்டதன்மேல் லாலா தோடர்மால் என்னும் அதிகாரி படையுடன் வந்து வற்புறுத்திய பின்னரே மூர்த்திகள் காஞ்சிக்குத் திரும்பினவென்றும் சரித்திரம் கூறுகிறது. அவர்கள் திரும்பிய 1710-ஆம் ஆண்டு காஞ்சிக் கோயிலில் சாசனமாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் உடையார்பாளையம் உற்சவம் என்ற பெயரால் அந்த மீட்சியை அங்கே கொண்டாடுகிறார்கள். அதே கலகத்தில் காஞ்சியை விட்டு வந்த பங்காரு காமாட்சியோ, உடையார்பாளையத்தில் சிலகாலம் தங்கித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தவள், அங்கேயே கோயில் கொண்டுவிட்டாள். புகலிடம் தேடிப் போன தெய்வங்களில் ஒன்று வீடு திரும்பியது. மற்றொன்று புகுந்த ஊரையே வீடாக்கிக்கொண்டது. எங்களூரை அடுத்த ஸ்ரீபுரந்தான் நடராஜரின் கதை இந்த இரண்டிலும் சேராதது. களவாடப்பட்டு ஆஸ்திரேலியாவின் காட்சிசாலை வரை போய், 2014-இல் தேசம் திரும்பியும், தன் கோயிலுக்கு நேரே வராமல், கொள்ளிடத்துக்கு அக்கரையில் கும்பகோணத்துப் பாதுகாப்பு மையத்தில் போய் நின்றார் அவர்.

தெய்வங்களைப் பற்றி இவ்வளவு சொல்வது மனிதர்களைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். ‘அகதி’ என்ற சொல்லை நாம் வெகு அலட்சியமாகப் புழங்குகிறோம். கதியற்றவன், போக்கிடமில்லாதவன் என்பது அதன் பொருள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பாக் நீரிணையைப் படகில் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களை அச்சொல்லால்தான் அழைத்தோம். நான்கு அலைகளாக 2012 வரையில் வந்தவர்களின் தொகை 3,04,269 என்பது சர்க்கார் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் முதலில் கால் வைத்த மண்டபம் முகாமுக்கு ஒரு பூர்வ கதை உண்டு: இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைத் தொற்றுநோய்ப் பரிசோதனைக்காக நிறுத்திவைப்பதற்கென்று அந்நாளில் இலங்கை சர்க்கார் நடத்திய இடம் அது. பிழைக்கப் போன பாட்டன் காத்துக் கிடந்த அதே இடத்தில், 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று தீர்மானமான பிறகு பேரன் வந்து இறங்கினான். அதற்கும் இருபது ஆண்டு கழித்து, தோட்டத்தையே பார்த்திராத யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் மன்னார்க்காரரும் வந்து இறங்கினார்கள். மண்டபத்திலிருந்து ஜில்லா ஜில்லாவாகப் பிரித்து அனுப்பியபோது, திருச்சியில் கொட்டப்பட்டுக்கும் வாழவந்தான்கோட்டைக்கும் சிலர் போனார்கள்; எங்கள் பழைய பெரம்பலூர் ஜில்லாவில் துறைமங்கலத்துக்குச் சிலர் வந்தார்கள்.

வந்தவர்களுக்கு அரிசி கிடைத்தது, மாதப் பணம் கிடைத்தது, பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறையும், அதைச் சேலையால் இரண்டாகத் தடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் கிடைத்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இதுகூடக் கிடைக்காத அகதிகள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறைக்குள் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன செய்வதென்று எந்தத் தாசில்தாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால், நெஞ்சு அடைக்கிறது, கை கால் உளைகிறது, தலை பாரமாக இருக்கிறது என்பாள். டாக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்பார். மகன் எங்கே என்று அவரும் கேட்டிருக்கமாட்டார், அவளும் சொல்லியிருக்கமாட்டாள்.

கடலுக்கு அப்பால் அந்தக் கேள்வியைக் கேட்ட வைத்தியர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயும், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியராயும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே தம் மக்களின் உள்ளத்தை ஆராயத் தலைப்பட்டார். அவரும் சிவயோகனும் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், யாழ்ப்பாணத்தில் பொதுஜனங்களில் 101 பேரை எடுத்துப் பார்த்தபோது, போரின் தாக்குதலை எவ்விதத்திலும் அனுபவியாதவர்கள் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே என்றும், நூற்றுக்கு 64 பேரிடம் மனத்திலோ பழக்கவழக்கத்திலோ அதன் பின்விளைவுகள் காணப்பட்டன என்றும் எழுதினார்கள். நோயாளியைத் தேடுவதற்குப் பதிலாக நோயில்லாதவனைத் தேடவேண்டிய ஸ்திதி அது. 1993-இல் அவர் தமிழில் எழுதிய ‘மனவடு’ என்ற நூலின் பெயரே ஒரு கண்டுபிடிப்பென்று எனக்குத் தோன்றும். ஆறிப்போன காயத்தின் தழும்புதான் வடு, தொட்டால் மட்டுமே தெரியும், தொடுகிறவன் வேண்டும்.

அவர் தொட்டுப் பார்த்த இடங்களில் மிக நுட்பமானது பெருமூச்சு. மேல்நாட்டு வைத்திய நூல்களின் அட்டவணையில் இல்லாத இந்தக் குறியை, தமிழர் தம் துயரத்தைச் சொல்லுகிற பாஷையாகவே அவர் கண்டார். ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து உட்காருகிறவர் நம்மில் யாரும் இல்லை. ‘ஒரே யோசினை’ என்பார்கள், ‘நெஞ்சு எரியுது’ என்பார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒரு நெடிய மூச்சை விடுவார்கள். சொல்லுக்குப் பதிலாக மூச்சு வருகிற ஜனங்களுக்கு வைத்தியமும் மூச்சிலிருந்தே தொடங்கட்டும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், ஜபம், தியானம் ஆகியவற்றை மருந்தோடும் பேச்சோடும் சேர்த்துத் தம் மருத்துவ முறையிலேயே அவர் வைத்துக்கொண்டார். சைவருக்கு ஐந்தெழுத்து, கிறிஸ்தவருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு, பௌத்தருக்கு ஆனாபான சதி என்று அவரவர் பாட்டியிடம் கேட்டுப் பழகியதையே அவரவருக்குக் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல, சாமர்த்தியமும்தான்: புதிதாகக் கற்கவேண்டியதை விடப் பாதி மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வது சுலபம். யாழ்ப்பாணத்திலே உளவளத்துணைக்கென்று ஏற்பட்ட சாந்திகம் என்ற ஸ்தாபனத்தின் வழியே ஆசிரியர்களும் கிராம ஊழியர்களும் பயிற்சி பெற்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் அகதிகளின் மனநலத்துக்காக வெளியிட்ட கைநூலைத் தழுவி, ‘தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்’ என்ற கையேடும் அச்சாயிற்று.

இந்தப் பக்கத்துக் கரையில், ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரஹாசன் 1984-இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் இருப்பவர்களையே பயிற்றி முகாமுக்கே ஆற்றுப்படுத்துநர்களாக அனுப்பும் வழியைக் கைக்கொண்டது. இந்த ஒரு யோசனை பல நிபுணர்களின் வருகைக்குச் சமானம். ஏனென்றால், கதவைத் தட்டாமல் உள்ளே வரக்கூடிய ஒருத்தியிடம் மட்டுமே சேலைத் தடுப்புக்குப் பின்னாலிருப்பதைச் சொல்ல முடியும்.

இப்போது மனவிழிப்பு என்றும் மைண்ட்ஃபுல்னெஸ் என்றும் பெரிய நகரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்களே, அது வேறெங்கிருந்தோ வந்த புதுச்சரக்கு என்று நினைப்பவர்கள் விக்கிரமங்கலத்துக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே கருங்கல்லில் அமர்ந்திருக்கும் புத்தர், சோழர் காலத்தில் இந்தச் சீமையில் பௌத்தம் இருந்ததற்கு மௌன சாட்சி. பாலியில் சதி என்றும் வடமொழியில் ஸ்மிருதி என்றும் வழங்கும் அந்த அவதானத்தை அவர் போதித்தார். சதி என்ற சொல் தமிழில் வஞ்சகத்துக்குப் பெயராகிவிட்டபடியால் அதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. மூச்சு வருகையில் வருகிறது என்று அறிதல், போகையில் போகிறது என்று அறிதல், வேறொன்றும் செய்யாதிருத்தல்: இதுதான் அதன் முதற்பாடம்.

இந்தப் பாடம் இருபதாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றி வந்த வழியை ஆராய்ந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அதைச் சுமந்து சென்றவர்களில் பலர் ஊரிழந்தவர்கள். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர், ஹிட்லரின் ஆட்சி ஏற்பட்ட பிறகு 1936-இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டு நியானபொனிக தேரர் ஆனார். பின்னர் தம் தாயாரையும் அங்கே வரவழைத்துக் காப்பாற்றிய அவரையே, யுத்தம் மூண்டதும், ஜெர்மானியர் என்ற காரணத்தால் பிரிட்டிஷார் சிறைவைத்தார்கள். தியத்தலாவையிலும் பிறகு டேராடூனிலும் முள்வேலிக்குள் இருந்துகொண்டே அவர் சதிபட்டானம் என்னும் இந்த அவதானப் பயிற்சி பற்றிய நூல்களைத் தொகுத்தார். 1954-இல் பௌத்த தியானத்தைப் பற்றி அவர் வெளியிட்ட ஆங்கில நூல்தான் மேல்நாட்டார் பலருக்கு இவ்விஷயத்தில் முதல் வாசல். யூதன் என்று தன் நாட்டிலும் ஜெர்மானியன் என்று புகுந்த நாட்டிலும் இடமில்லாமற்போன ஒருவர், வேலிக்குள் உட்கார்ந்து மூச்சைப் பற்றி எழுதினார் என்பதை இந்த வித்தையைக் கற்பிக்கும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் 1966-இல் நாட்டை விட்டு வந்தவர் திரும்ப முடியாமற்போய், ஊரிலே தொண்டு செய்துகொண்டிருந்த தம் தோழர்களுக்கு 1974-இல் எழுதிய நீண்ட கடிதமே பின்னர் புத்தகமாகி உலகெங்கும் வாசிக்கப்பட்டது. பர்மாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து வியாபாரங்களைத் தேசியமயமாக்கியபோது, தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சத்தார் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னையிலே பர்மா பஜார் தோன்றியது அவர்களால்தான். அந்த ஆட்சியில் தொழிலை இழந்தவர்களில் ஒருவரும், சயாஜி ஊ பா கினிடம் 1955 முதல் விபசனா தியானம் கற்றவருமாகிய கோயங்கா, 1969-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஒரே கலகம் ஒருவர் கையில் கடைச்சரக்கையும் மற்றொருவர் கையில் தியானத்தையும் கொடுத்து நம் கரையில் இறக்கிவிட்டது. இவற்றுக்கெல்லாம் பின்னர், 1979-இல்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தீராத வலிக்காரர்களைக் கூட்டிவைத்து ஒரு பாடமாக இதை வகுத்தார். வைத்தியத்தின் முத்திரையும் அப்போதுதான் விழுந்தது. ஆகவே, அகதிகளுக்கு மனவிழிப்பு கற்பிக்கிறோம் என்று சொல்கிறவர்கள், அகதிகளின் சொத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதே நியாயமான கணக்கு.

திருப்பிக் கொடுத்தது பலிக்கிறதா என்று சோதித்துப் பார்த்ததும் தமிழ்க் குழந்தைகளிடத்திலேதான். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையின் வடகிழக்கில் ஏற்கெனவே போரைப் பார்த்திருந்த பிள்ளைகள் மறுபடியும் முகாமுக்கு வந்தார்கள். எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட 31 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்குத் தம் வாழ்க்கைக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், மற்றப் பிரிவாருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆறு அமர்வுகள் வீதம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்களே அளித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்பிரிவில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாவதில் 71 பேரும் தேறியிருந்தார்கள் என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. முப்பத்தொரு குழந்தைகளைக் கொண்டு பெரிய சித்தாந்தம் எதையும் கட்டிவிட முடியாது. எனினும், நடந்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் ஆறும் என்று வற்புறுத்துகிறவர்களுக்கு இது ஒரு பதில்: சொல்ல விரும்பாத குழந்தையையும் கைவிடவேண்டியதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. ‘இந்தக் கணத்தில் இருங்கள்’ என்பது இந்த வித்தையின் மந்திரம். நடந்துபோன பயங்கரத்திலிருந்து மனத்தை மீட்டு, பயமற்ற நிகழ்காலத்தில் நிறுத்துவது அதன் நோக்கம். நிகழ்காலம் பயமற்றதாக இருக்கிறவனுக்கு இது சரி. நாற்பது ஆண்டாக ஒரு தேசத்தில் இருந்தும் அதன் பிரஜையாகாமல், 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டில் சட்டத்தின் பார்வையில் வெறும் அந்நியராக, மாதந்தோறும் கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்கும் ஒருத்திக்கு எந்தக் கணத்தைக் காட்டுவது? வரதராஜருக்குத் திரும்பிப் போகக் காஞ்சி இருந்தது. காமாட்சிக்குத் தங்கிவிடத் தஞ்சை இருந்தது. முகாமிலே பிறந்து முகாமிலே பிள்ளை பெற்றவர்களுக்கு இரண்டும் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரப் போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பையும் மனவைத்தியத்தில் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன். கூரையும் சோறும் முதலில், தியானம் பிறகு: மணிமேகலைக் காப்பியத்தைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. கடல் கொண்ட புகாரை நீங்கிய கூட்டம் காஞ்சியில் மீண்டும் சேர்ந்தபோது, மணிமேகலை முதலில் அமுதசுரபியை ஏந்திப் பஞ்சத்தில் வாடியவர்களுக்குச் சோறிட்டாள். அறவண அடிகள் தருமம் உபதேசித்தது அதற்குப் பிறகு.

பெயர் சொல்ல வேண்டாத ஒரு முகாமில், ஒருநாள் மாலை, தகரக் கொட்டகையொன்றில் இந்தப் பயிற்சி நடப்பதை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பதினாலு பேர், எல்லாரும் பெண்கள், ஆண்கள் பெயின்ட் வேலையிலிருந்து திரும்பவில்லை, திரும்பியிருந்தாலும் வந்திருக்கமாட்டார்கள். நடத்தியவள் முகாமிலேயே பிறந்த இருபத்தைந்து வயதுப் பெண். எல்லாரும் கோரைப்பாயில் வட்டமாக உட்கார்ந்ததும், “கண்ணை மூட வேண்டாம் அம்மா, பாயின்ர கோடுகளைப் பாத்துக்கொண்டிருங்கோ” என்று தொடங்கினாள். கண்ணை மூடினால் சிலருக்கு உள்ளே படம் ஓடத் தொடங்கிவிடும் என்று பிற்பாடு எனக்குச் சொன்னாள். அதே காரணத்தால், சுற்றியுள்ள சத்தங்களைக் கேளுங்கள் என்னும் பாடத்தையும் தீபாவளி மாதத்தில் அவள் எடுப்பதில்லையாம். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னாள். கையை வயிற்றின்மேல் வைக்கச் சொன்னாள். “உள்ள போற மூச்சை விட்டிடுங்கோ, அது தானாப் போகும். வெளிய போறதை மட்டும் மெல்ல விடுங்கோ.” வட்டத்தில் மூத்தவள், எழுபதுக்கு மேலிருக்கும், கொட்டகையே கேட்கும்படி ஒரு நெடுமூச்சு விட்டாள். விட்டுவிட்டு, “நாப்பது வருசமாச் சும்மா விட்ட மூச்சுக்கு இப்ப வகுப்போ, பிள்ளை?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை சேலைத் தலைப்பைத் திருகியபடி இருந்த ஒருத்தியும் சிரித்தாள், சிரிப்பு அழுகையாகிவிட்டது, பக்கத்திலிருந்தவள் ஒன்றும் கேட்காமல் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். நடத்திய பெண் அவசரப்படவில்லை. அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்பதுபோல மற்றவர்களைப் பார்த்து, “விடுங்கோ, மெல்ல விடுங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது வெளியே செக்கிங் என்று குரல் கேட்டது. அன்று கணக்கெடுப்பு என்பதை எல்லாரும் மறந்திருந்தார்கள். அட்டையை எடுக்க அறைகளுக்கு ஓடினார்கள். பாய்கள் விரித்தபடியே கிடந்தன. ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து முதலில் திரும்பியவள் அந்த மூத்தவள்தான். மெதுவாகக் காலை மடக்கித் தன் இடத்தில் அமர்ந்து, அட்டையை மடியில் செருகிக்கொண்டு கேட்டாள்:

“எதில விட்டனாங்கள், பிள்ளை?”